இரண்டாவது இருக்கைக்கும் ஒரு மானி

"இந்த சீட்டுக்கு மானி எங்கம்மா?" என்று கேட்டார் ஆய்வாளர் ஹரிஷ்வர்தன்.

அவர் கை காட்டியது ஓட்டுநர் இருக்கையை அல்ல. அதற்கு இடப்பக்கம், தேர்வு நடத்துகிறவர் உட்காரும் இருக்கையை. தன்ஷிகாவுக்கு முதலில் விளங்கவில்லை. லாரியின் கதவைத் திறந்து பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

"அது நீங்க உக்கார்ற சீட்டுங்க சார்."

"எனக்குத் தெரியாதா? கீழ என்ன இருக்குதுன்னு பாரு. பிரேக்கு. பிரேக் எட்டற சீட்டு எல்லாத்துக்கும் மானி இருக்கோணும்னு சுற்றறிக்கை சொல்லுது. வண்டியில குறை. இன்னைக்குத் தேர்வு இல்ல. அடுத்த ஆளு வாப்பா."

கனரக உரிமத் தேர்வுக்கு வருகிறவர் வண்டியையும் தானேதான் கொண்டுவர வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கரட்டூர் தேர்வுத் திடலின் மதிலில் ஆள் உயரத்துக்குப் பலகை அடித்து எழுதியிருந்தார்கள். தேர்வாளருக்குத் தனி இருக்கை, அவர் காலுக்கு எட்டும் தனி பிரேக் மிதி, அவர் பார்ப்பதற்குத் தனிப் பக்கக் கண்ணாடி, நிறைபாரம், பாரத்தை இறுக்கிக் கட்டிய பட்டைகள், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், முத்திரையிட்ட சாந்தமானி.

இதற்கு முன்பு வந்தபோது கண்ணாடி சிறியது என்று திருப்பி அனுப்பினார். பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள். பாரம் போதாது என்றார். பின்தட்டு முழுக்கத் தண்ணீர் டிரம்களை நிரப்பி ஏற்றி வந்தாள். தண்ணீர் குலுங்குகிறது, பட்டை போதாது என்றார். பட்டைக்கு மேல் பட்டை போட்டு, மணமேடை ஜோடிக்கிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றால், இன்றைக்கு இது. அந்தச் சுற்றறிக்கையைத் தலைநகரில் எழுதியவர் எதை நினைத்து எழுதினாரோ தெரியாது. மாநிலத்தில் ஒருவரும் அதை இப்படிப் படித்ததில்லை. தன்ஷிகாவின் லாரிக்கு முன்னால் நின்றபோதுதான் ஹரிஷ்வர்தனுக்கு அப்படிப் படிக்கத் தோன்றியது.

தன்ஷிகா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அவள் உட்கார்ந்ததும் முகப்புப் பலகையில் இருந்த மானியின் முள் துள்ளி எழுந்து ஆரஞ்சுப் பட்டையின் மேல்விளிம்பில் போய் நின்று ஆடியது. அதற்கு மேலே சிவப்பு. சிவப்புக்குப் போனால் லாரி நகராது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தான் ஓட்டிய வழித்தடத்தின் ஊர்களை வரிசையாக மனதுக்குள் சொன்னாள். பவானி, அந்தியூர், பர்கூர், மலையேறி அந்தப் பக்கம் இறங்கும் வரை சொன்னாள். முள் கொஞ்சம் இறங்கியது. வண்டியை வெளியே எடுத்தாள்.

சாந்தமானி வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரு காலத்தில் நெடுஞ்சாலைகளில் லாரிகள் ஒன்றையொன்று வெறிகொண்டு முந்தின. ஓட்டுநர்கள் நடுரோட்டில் இறங்கி இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டார்கள். விபத்துக்கெல்லாம் வேர் எது என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். கோபம்தான் வேர் என்று அது கண்டுபிடித்தது. ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் உண்டா, கூலி கட்டுபடியாகிறதா, சாலையில் பள்ளம் எத்தனை என்பதையெல்லாம் அந்தக் குழு விசாரிக்கவில்லை. அவற்றைச் சரிசெய்யச் செலவாகும். கோபத்தை அளப்பது மலிவு.

அப்படி வந்ததுதான் இந்தக் கருவி. இருக்கையின் முதுகுப் பக்கம் நாடித்துடிப்பை வாங்கும். ஸ்டியரிங் உள்ளங்கை வியர்வையை வாங்கும். கூரையில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் கண் தாடைத் தசை இறுகுகிறதா என்று பார்க்கும். மூன்றையும் சேர்த்து முள்ளாகக் காட்டும். முள் சிவப்பில் சற்று நேரம் நின்றுவிட்டால் வண்டி தானாக வேகம் குறைந்து, ஓரம் கட்டி, நாலு விளக்கும் கண்சிமிட்ட, பூட்டுத்தடை விழுந்துவிடும். சிவப்புக்குப் போன அதே ஆள் அதே இருக்கையில் உட்கார்ந்து பச்சைக்கு வந்தால்தான் பூட்டு விடும். கிளீனரை உட்கார வைத்து ஏமாற்றி ஓட்டிப் போய்விடக் கூடாதாம். அதற்காக அப்படி ஒரு ஏற்பாடு.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மானியின் பதிவை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. பச்சையில் இருந்தவன் சாந்தமாக இருந்தவன். சாந்தமாக இருந்தவன் கவனமாக இருந்தவன். கவனமாக இருந்தவன் மேல் குற்றமில்லை. இப்படி ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கிக்கொண்டே போனார்கள். அந்த அடுக்கின் அடியில் நசுங்கிச் செத்தவன் தன்ஷிகாவின் கணவன் தரணீஷ்.

நல்ல பகல் வெளிச்சம். டயர் மாற்றுவதற்காக லாரியை ஓரம் கட்டி, பின்னால் சிவப்பு முக்கோணத்தை வைத்துவிட்டு, தரணீஷ் குனிந்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நேராக வந்த சரக்கு லாரி முக்கோணத்தின் மேலும் ஏறியது, அவன் மேலும் ஏறியது. தன்ஷிகா எதிர்ப்பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு நின்றாள். கத்தினாள். அந்த ஓட்டுநரின் முகத்தை அவள் நன்றாகப் பார்த்தாள். அவன் தூங்கவில்லை. குடித்திருக்கவில்லை. தரணீஷை அவன் பார்த்துக்கொண்டேதான் வந்தான். டிவியில் செய்தி பார்க்கிறவனைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அவன் மோர் மாத்திரை போட்டிருந்தான். மானி வந்த மறு வருடமே அந்த மாத்திரை வந்துவிட்டது. ஒன்றை விழுங்கினால் நாலைந்து மணி நேரத்துக்கு உலகமே இடிந்து விழுந்தாலும் நாடி ஏறாது. உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லி டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. சட்டம் சாந்தத்தைத்தான் கேட்டது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கரட்டூரில் கனரக உரிமம் வைத்திருந்த முக்கால்வாசிப் பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங்கைத் தொட்டார்கள்.

விபத்து அறிக்கை ஒரே வரியில் முடிந்தது. பயண நேரம் முழுவதும் ஓட்டுநர் பச்சையில் இருந்தார், குற்றமில்லை. கீழே ஆய்வாளர் ஹரிஷ்வர்தனின் கையெழுத்து. தன்ஷிகா மனு மேல் மனுவாகப் போட்டாள். மானி காட்டுவது சாந்தம் இல்லை, மரத்துப்போவது என்று எழுதினாள். பதில் வரவில்லை. அதற்குள் அவளுடைய முள் அடிக்கடி சிவப்புக்குப் போய், இருந்த உரிமமும் போயிற்று. மறுதேர்வு முடியும்வரைக்கும் ஒரு தற்காலிகச் சீட்டுதான் கையில் இருந்தது. மறுதேர்வில் இரண்டு முறை தோற்றாள். இந்த மூன்றாவது முறையும் தோற்றால் ஆயுளுக்கும் கனரக வண்டி ஓட்ட முடியாது. அவளும் தரணீஷும் மாறி மாறி ஓட்டிய லாரி அது. அவளுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவளுக்கு விருப்பமில்லை.

ரஃபீக்கின் பட்டறையில் லாரியை நிறுத்தி நடந்ததைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தாளு சீட்டுக்கு மானியா? இத்தன வருசத்துல நான் ஒண்ணுகூட மாட்டுனதில்ல தங்கச்சி. உன்னய அலையவிடறதுக்கே கேக்கறான்."

"மாட்டிருங்கண்ணே. நாளைக்குக் கூரைக்கு மேல கொடிமரம் வேணும்னு கேட்டா அதையும் மாட்டிரலாம்."

"மாட்டறது ஒரு வேலையே இல்ல. ஒண்ணு சொல்றேன், கேளு. ரெண்டு மானியும் ஒரே பூட்டுத்தடைக்குத்தான் போகும். எந்த முள்ளு சிவப்பானாலும் வண்டி நிக்கும். அப்பறம், இந்தக் கருவிக்கு கோவமும் தெரியாது, பயமும் தெரியாது. பயந்தாலும் கோவம்னுதான் காட்டும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பேசாம ஒரு மாத்திரையப் போட்டுக்க. ஒரு நாளைக்குத்தான? உரிமம் கையில வந்துட்டா அப்பறம் உன் இஷ்டம்."

"வேண்டாங்கண்ணே."

"வீம்பு புடிக்காத."

"வீம்பு இல்லீங்க. அதைப் போட்டுட்டு ஓட்டறப்ப ரோட்டோரத்துல ஒருத்தன் குனிஞ்சு டயர் மாத்திட்டிருந்தா, நான் என்ன செய்வேன்? எனக்கே தெரியாதுல்ல?"

ரஃபீக் திருப்புளியை எடுத்துக்கொண்டு லாரிக்குள் ஏறினார்.

மறு வாரம் தேர்வுக்குப் போனபோது ஹரிஷ்வர்தன் இரண்டாவது மானியை மேலும் கீழும் பார்த்தார். முத்திரையைச் சுரண்டிப் பார்த்தார். பட்டைகளை இழுத்துப் பார்த்தார். தீயணைப்பானின் காலாவதித் தேதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசி அடித்தது.

"என்ன கண்ணு? வேன் வந்துருச்சா? ஜன்னலோரமா உக்காராத சாமி, வெயில் அடிக்கும்." அந்தக் குரலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. கைப்பேசியைப் பையில் போட்டதும் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "ம், ஏறு. எடு வண்டிய."

அவர் தேர்வாளர் இருக்கையில் உட்கார்ந்தார். அவருடைய முள் பச்சையின் நடுவில் நின்றது. அதைப் பார்த்து அவரே லேசாகச் சிரித்துக்கொண்டார்.

எட்டு வளைவை ஒரு கம்பத்தையும் தொடாமல் முடித்தாள். பின்னோக்கி எடுத்து நிறுத்தினாள். அடுத்தது சீண்டல் சுற்று. திடலுக்குள் இருக்கும் மேட்டில் லாரியை ஏற்றும்போது தேர்வாளர் ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி பேசுவார். அது அவருடைய கடமை. பேச்சைக் கேட்டுக்கொண்டே முள்ளைச் சிவப்புக்கு விடாமல் மேட்டின் உச்சியில் நிறுத்திக் காட்ட வேண்டும். சம்பளம் கொடுத்து ஒரு மனிதனை இன்னொரு மனிதனை அவமானப்படுத்தச் சொல்லுகிற வேலை உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. ஹரிஷ்வர்தன் அதில் கைதேர்ந்தவர்.

"பொம்பளைக்கு எதுக்கு லாரி? கோழிப்பண்ணைல முட்டை பொறுக்கப் போலாம்ல?"

"சரிங்க சார்."

"உன்ற கூட வேலை செஞ்சவனுக எல்லாம் உன்னயப் பத்தி என்ன பேசறானுக தெரியுமா?"

"சரிங்க சார்."

"புருசன் செத்ததுக்கு நஷ்டஈடு கிடைக்கலன்னுதான இத்தன மனு? பணம் குடுத்திருந்தா வாயத் தெறந்திருக்க மாட்ட."

முள் ஆரஞ்சுக்கு ஏறியது. தன்ஷிகா ஊர்ப் பெயர்களைச் சொன்னாள். பவானி. அந்தியூர். லாரி மேட்டில் ஊர்ந்தது. தண்ணீர்ப் பாரம் பின்னால் இழுத்தது.

"ரோட்டுல குறுக்க நின்னா ஏத்தத்தான் செய்வாங்க. அவன் குடிச்சிருப்பான். நீ மறைச்சிட்ட."

பர்கூர். மேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஒரு சந்தேகமுங்க சார். அந்த ரிப்போர்ட்ல கையெழுத்து உங்களுதுதானுங்களே. சம்பவ இடத்துக்கு நேர்ல போனீங்களா, இல்ல மானிப் பதிவ மட்டும் பாத்துட்டுப் போட்டுட்டீங்களா?"

ஹரிஷ்வர்தனுக்கு முகம் கறுத்தது. அவர் போகவில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு வேலை இருந்தது. கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார்ந்தே பழகிய மனிதரை ஒருவர் கேள்வி கேட்டால் வருகிற கோபம் இருக்கிறதே, அது வேறு வகை. அது நியாயத்தால் வருவதில்லை, அதனால் அடங்குவதும் இல்லை.

"ஏய், யாரப் பாத்து என்ன கேக்கற?"

லாரி மேட்டின் பாதியில் குலுங்கி நின்றது. நாலு விளக்கும் கண்சிமிட்டின. பூட்டுத்தடை விழுகிற சத்தம் திடல் முழுக்கக் கேட்டது.

"தோத்த," என்றார் அவர். "மூணாவது தடவை. எறங்கு."

"என்ற முள்ளு ஆரஞ்சுலதானுங்க நிக்குது," என்றாள் தன்ஷிகா. "உங்களுதப் பாருங்க சார்."

அவர் பார்த்தார். அவருடைய முள் சிவப்பின் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவர் மாட்டச் சொன்ன மானி. பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் அதிகமானது. கோபம் அதிகமாக அதிகமாக முள் இறங்க மறுத்தது. கீழே வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அவர் கண்ணை மூடினார், தண்ணீர் குடித்தார், மூச்சை இழுத்து விட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. தேர்வு நடுவில் தேர்வாளர் இறங்கிப் போனால் தேர்வு செல்லாது. ஏன் இறங்கினீர்கள் என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அந்த விளக்கத்தில் சிவப்பு என்ற சொல் வரும்.

வரிசையில் முதலில் நின்ற ஒருவன் ஜன்னலருகே வந்து பவ்யமாகக் கையை நீட்டினான்.

"என்கிட்ட ஒரு மோர் மாத்திரை இருக்குதுங்க சார். பரவால்லீங்க, எல்லாரும் போடறதுதான்."

அவர் அதைப் பிடுங்கினார். பழக்கமில்லாதவர் என்பதால் பாதியை உடைத்து விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் முள் வழுக்கிக்கொண்டு பச்சைக்கு இறங்கியது. அவருடைய முகத்தில் இருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போவதைத் தன்ஷிகா பக்கத்திலிருந்து பார்த்தாள். அந்த முகத்தை அவள் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

"போலாம்," என்றார் அவர். "கடைசிச் சுற்று. வெளிச்சாலை."

சீண்டலைத் தொடரவில்லை. சீண்டுவதற்கும் உள்ளே ஏதாவது எரிய வேண்டும் அல்லவா? லாரி திடலைவிட்டு வெளியேறிச் சாலையில் ஏறியது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் உரிமம் கையில் வந்துவிடும். மாத்திரை இல்லாமல், தரணீஷுக்குத் துரோகம் செய்யாமல் வந்துவிடும். அந்த நினைப்பில் அவளுடைய முள்கூடப் பச்சையைத் தொட்டது.

கிளைச்சாலையிலிருந்து மஞ்சள் வேன் ஒன்று வந்தது. பக்கவாட்டில் முயல் படம் போட்ட பள்ளிக்கூட வேன். அது நின்று பார்த்து ஏற வேண்டிய இடம். நிற்கவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை. நிறைபாரத்தோடு வருகிற லாரிக்கு நேர் குறுக்கே ஏறியது. அதன் ஓட்டுநர் தன்ஷிகாவைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். டிவியில் செய்தி பார்க்கிறவனைப் போலப் பார்த்தான்.

அந்த முகத்தைப் பார்த்த நொடியில் தன்ஷிகாவுக்குள் இத்தனை காலம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. என்ன கெட்ட வார்த்தை சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. பிரேக்கின் மேல் எழுந்து நின்றாள். ஸ்டியரிங்கை ஒடித்தாள். பட்டைகள் இறுகி முனகின. பின்சக்கரம் மண்ணில் இறங்கியது. வேன் பம்பரை உரசாத குறையாகக் கடந்து தன் பாட்டுக்குப் போய்விட்டது. முள் சிவப்பில் போய் விழுந்தது. பூட்டுத்தடை இறங்கியது.

தூசி அடங்கியது.

"சிவப்பு," என்றார் ஹரிஷ்வர்தன் கடைசியில். கைப்பலகையில் தொட்டுப் பதிவு செய்தார். "தோல்வி. ஆயுள் தடை."

"குழந்தைங்க இருந்ததப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?"

அவர் யோசித்தார். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் போல நிதானமாக யோசித்தார்.

"முயல் வேன். பாப்பா அதுலதான் போவா. ஜன்னலோரமாத்தான் உக்காந்திருந்தா. ரெண்டு கையையும் கண்ணாடில வெச்சு நம்ம லாரியப் பாத்துட்டிருந்தா." வண்டி எண்ணைப் படிக்கிற குரலில் சொன்னார். "என் காலுக்குக் கீழ பிரேக் இருந்துச்சு. மிதிக்கலாம்னும் தெரிஞ்சுது. அவசரம்னு தோணல."

தன்ஷிகாவால் அவரைப் பார்க்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லை, அவளுடைய முள் இறங்கும்வரை லாரி அங்கேதான் நிற்க வேண்டும். பவானியிலிருந்து தொடங்கி எத்தனை முறை அந்த மலையேறி இறங்கினாளோ தெரியாது, வெயில் உச்சிக்கு வந்தபோது அவளுடைய முள் பச்சைக்கு வந்தது. சாவியைத் திருப்பினாள். லாரி நகரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். பாதி மாத்திரை பாதி நேரத்துக்குத்தான் தாங்கியது. ஹரிஷ்வர்தனின் உதடு கோணியது. அவருடைய முள் ஆரஞ்சைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

"ஐயோ," என்றார் மெதுவாக. "பாப்பா. வண்டிய எடும்மா. பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் பாக்கோணும், எடு."

"நகராதுங்க சார். உங்க முள்ளு சிவப்புல இருக்குது."

அவர் மானியைக் கையால் அடித்தார். பிறகு காலால் உதைத்தார். அது முத்திரையிட்ட கருவி, நல்லபடியாக வேலை செய்தது. கதவைத் திறந்து குதித்து, செருப்பு ஒன்று கழன்று விழுந்ததையும் பார்க்காமல் சாலையில் ஓடினார். தன்ஷிகாவுக்கு அவர்மேல் பாவம் என்று தோன்றவில்லை. அப்படித் தோன்றவில்லையே என்று வெட்கமும் வரவில்லை.

அதே ஆள் வந்து உட்கார்ந்தால்தான் பூட்டு விடும் என்பதால் லாரி மாலைவரை அங்கேயே நின்றது. பொழுது சாயும் நேரத்தில் அவர் ஒரு ஆட்டோவில் திரும்பி வந்தார். ஏறி உட்கார்ந்தார்.

"பாப்பா நல்லா இருக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியல. 'அப்பா, நீங்க லாரில வந்தீங்க, நான் கை ஆட்டுனேன், நீங்க ஆட்டவே இல்ல'ன்னு கேக்கறா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பாத்தேன்மா. பாத்துட்டே உக்காந்திருந்தேன்."

"தரணீஷயும் அவன் இப்படித்தான் பாத்தான்," என்றாள் அவள். "அதுக்குத்தான் நீங்க குற்றமில்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க."

"எழுதறேன்மா. நடந்தத அப்படியே மேலிடத்துக்கு எழுதி அனுப்பறேன்," என்றார். அவர் அழுது முடித்து முள் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

சொன்னதைச் செய்யாத ஆள் என்று அவரைச் சொல்ல முடியாது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பச்சை என்பது குற்றமின்மை அல்ல, தரணீஷின் வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டும், அந்தப் பெண்ணின் சிவப்புதான் வேன் நிறையக் குழந்தைகளைக் காப்பாற்றியது என்று எழுதினார். மேலிடம் அவரை ஒரு மானி இருக்கையில் உட்கார வைத்து, நீர் எழுதியது உண்மையா என்று கேட்டது. முள் சிவப்புக்குப் போனது. கோபத்தில் இருக்கும் அதிகாரியின் சாட்சி செல்லாது என்று முடிவு செய்து, அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். தன்ஷிகாவின் ஆயுள் தடை அப்படியே நின்றது. லாரியைத் திடலுக்குக் கொண்டுவந்து மானிகளை ஒப்படைத்துவிட்டுப் போகும்படி அவளுக்கு உத்தரவு வந்தது.

போனாள். தேர்வுக்கு ஏற்றிய டிரம்களைக்கூட இறக்காமல், கடைசிப் பயணம் என்பதால் மெதுவாகவே ஓட்டினாள். கோபம்கூட இல்லை, அசதிதான் இருந்தது. திடலின் வாசலுக்குள் லாரியின் முன்பாதி நுழைந்தபோது மதிலில் பெயிண்ட்காரர் ஒருவர் ஏணி போட்டுப் பலகையில் புதிய வரி எழுதிக்கொண்டிருந்தார். அவள் தலையை நீட்டிப் படித்தாள்.

தேர்வு வண்டியில் இருக்க வேண்டியவை என்ற பட்டியலில், முதலுதவிப் பெட்டிக்கு அடுத்து, இருக்கைக்கு ஒன்று வீதம் மோர் மாத்திரை என்று எழுதியிருந்தது. தேர்வாளர்கள் சிவப்புக்குப் போவதைத் தவிர்க்க இந்த ஏற்பாடாம். மனிதன் மரத்துப்போனதால் வந்த கேட்டுக்கு, இன்னும் இரண்டு பேரை மரத்துப்போகச் செய்வது தீர்வு.

அவள் திட்டம் போட்டு வரவில்லை. வரியைப் படித்து முடித்தாள், அவ்வளவுதான். முள் எழுந்தது. ஆரஞ்சில் தயங்கவே இல்லை. வாசலின் நட்டநடுவில், உள்ளே பாதி வெளியே பாதியாக, நிறைபாரத்தோடு லாரி பூட்டிக்கொண்டு நின்றது.

முதலில் ஹாரன் அடித்தார்கள். பிறகு திட்டினார்கள். கிரேன் கொண்டுவந்து இழுத்தார்கள். பூட்டுத்தடை விழுந்த சக்கரம் உருளவில்லை, கயிறுதான் அறுந்தது. அவளை இறக்கிவிடலாம் என்றார் ஒருவர். இறக்கினால் என்ன பயன், அவள் திரும்ப ஏறி உட்கார்ந்து சாந்தமானால்தானே வண்டி நகரும் என்றார் இன்னொருவர். உள்ளே போக வேண்டிய வண்டிகள் நெடுஞ்சாலைவரை வரிசை கட்டின. அன்றைக்குத் தேர்வு நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. தலைநகரிலிருந்து காரில் ஒரு பெரிய அதிகாரி வந்து சேர்ந்தார். ஜன்னலுக்குக் கீழே நின்று, கையில் அட்டையைக் காட்டி நயமாகப் பேசினார்.

"ஒரே ஒரு மாத்திரை போட்டுக்கங்கம்மா. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

"வேண்டாங்க."

"சரி, என்ன செஞ்சா உங்க கோவம் தணியும்? சொல்லுங்க."

இத்தனை காலத்தில் அவளை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. தன்ஷிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ற வீட்டுக்காரர் கேசத் தூக்கி மறுபடி மேசைல வைங்க. அப்பறம் அந்தப் பலகைல எழுதுனத அழிங்க. முள்ளு எறங்குதான்னு பாப்போம்."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். சீருடை இல்லை, தாடி வளர்ந்திருந்தது. யாரையும் கேட்காமல் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, தேர்வாளர் இருக்கையில் உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினார். தன்ஷிகா நகர்ந்து உட்காரவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. இரண்டாவது முள் ஏறிச் சிவப்பில் நின்றது. இனி ஒருவர் சாந்தமானால் போதாது.

சற்று நேரத்தில் அலுவலகத்திலிருந்து இரண்டு டம்ளர் டீ வந்தது. ஹரிஷ்வர்தன் வாங்கி மோந்து பார்த்து, மாத்திரை வாடை அடித்ததும் இரண்டையும் ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினார்.